துணை விமானியின் மணிக்கணக்கு

ஒருவருடைய அனுபவத்தை அளப்பது எங்ஙனம்? எத்தனை மணி நேரம் ஆசனத்தில் அமர்ந்திருந்தார் என்று எண்ணுவதா, அந்நேரத்தில் அவர் செய்த வேலை யாது என்று கேட்பதா? ஆகாய விமானிகளின் லைசென்ஸைப் பற்றிய விவாதங்களுக்கெல்லாம் அடியில் நிற்கும் கேள்வி இதுவேயாகும். பிரயாணிகளின் உயிர் இதில் அடங்கியிருப்பதால், இது விமானிகள் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய தொழில் விஷயம் என்று பொது ஜனங்கள் ஒதுங்கியிருத்தல் தகாது.

விஷயத்தைச் சுருங்கச் சொல்லுவோம். நமது நாட்டில் வர்த்தக விமானி லைசென்ஸ் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதன்பின் குறிப்பிட்ட விமானத்துக்கான பயிற்சியும் பெற்றவர், பெரிய பிரயாண விமானத்தில் துணை விமானியாக அமரலாம். அவரே தலைமை விமானியாக வேண்டுமாயின் அதனினும் உயர்ந்த லைசென்ஸ் வேண்டும். அதற்கு 1,500 மணி நேரம். இடையிலுள்ள மணிகளிற் பெரும் பகுதி துணை ஆசனத்திலேயே கழிகின்றது. அம்மணிகளைக் கணக்கிடுவதற்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் ஒரு நியதி வகுத்திருக்கிறது. இரு விமானிகள் இன்றி ஓட்டலாகாது என்று அத்தாட்சி பெற்ற விமானமாயின், துணை விமானியின் நேரம் முழுவதும் கணக்கிற் சேரும். ஒருவரே ஓட்டக்கூடிய விமானத்தில் சர்க்கார் உத்தரவுக்காக இரண்டாமவர் ஏறினால், அவருடைய நேரத்திற் பாதிக்கு மேல் சேராது. வேலையில் மெய்யான பங்கு இருந்தால்தான் அது அனுபவமாகும் என்பதே இந்நியதியின் கருத்து.

1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஜே.ஆர்.டி. டாட்டாவும், பம்பாயிலிருந்து சென்னைக்கு நெவில் வின்சென்ட்டும் தபால் கொண்டுவந்த காலத்தில், ஒற்றை என்ஜின் கொண்ட சிறு விமானத்தை ஒருவரே ஓட்டினார். இன்றைய பிரயாண விமானத்தில் ஒருவர் ஓட்ட, மற்றவர் கருவிகளைக் கண்காணித்துத் தவறு கண்டவிடத்து உடனே எடுத்துரைக்க வேண்டும். எடுத்துரைப்பது ஒருவர் கடமை; செவிசாய்ப்பது மற்றவர் கடமை. இவ்விரண்டில் ஒன்று தவறினும் கேடு நேரும்.

1977 மார்ச்சு 27-ல் டெனெரிப் தீவில் இரு பெரும் விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தின் என்ஜினீயர், எதிர் விமானம் பாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என்று ஐயுற்றுக் கேட்டார். தலைமை விமானி அவ்வையத்தைத் தள்ளிவிட்டார். நமது நாட்டிலே 2010 மே 22-ல் மங்களூரில் 158 பேர் மாண்டனர். இறங்காமல் மேலெழும்புமாறு துணை விமானி மும்முறை கூறியும் தலைமை விமானி கேளாது இறங்க முற்பட்டதை விசாரணை மன்றம் எடுத்துக் காட்டிற்று. அனுபவ மணிகள் குறைந்ததால் நேர்ந்த விபத்துக்களல்ல இவை. இருவர் சேர்ந்து வேலை செய்யும் முறை குலைந்ததால் நேர்ந்தவை.

அமெரிக்காவில் 2009-ம் வருஷம் பஃபலோ நகருக்கருகே 50 பேரைப் பலிகொண்ட விபத்துக்குப் பின், துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி வேண்டும் என்று 2013-ல் விதி செய்தார்கள். ஆயினும் அவ்விபத்தில் இறந்த விமானிகள் இருவருமே அதற்கு மேற்பட்ட மணிகள் பறந்தவர்களே. ஐரோப்பிய விதியோ, 1,500 மணிகளில் 500 மணியாவது பல விமானிகள் சேர்ந்து ஓட்டிய அனுபவமாக இருத்தல் வேண்டும் என்கிறது. இதுவே நோய்க்கேற்ற மருந்தென்பது நமது அபிப்பிராயம்.

கப்பல் தொழிலை அறிந்த எர்ணாவூர் வாசிகளுக்கு இது புதுமையாகத் தோன்றாது. கப்பலைச் செலுத்தும் அதிகாரியாக விரும்புவோர், அங்கீகாரம் பெற்ற பயிற்சியில் 12 மாதம் கடலில் பணியாற்றினால் மட்டும் போதாது. அதில் 6 மாதமாவது தகுதியுள்ள அதிகாரியின் மேற்பார்வையில் கப்பலைச் செலுத்தும் மேடையில் காவற்பணி புரிந்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. 2017 ஜனவரி 28-ல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோது, கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் கட்டிகட்டியாய் ஒதுங்கிற்று. ஜனங்கள் அதை வாளியால் அள்ளினார்கள். அவ்விபத்தின் காரணத்தை நாம் இங்கு ஆராயவில்லை. பெரிய ஊர்திகளுக்கு நேரும் விபத்தின் நஷ்டம் அவற்றைச் செலுத்துவோரோடு நிற்பதில்லை என்பதை நினைவூட்டவே இதைக் கூறினோம்.

இத்தகைய விதி ஏழை வாலிபர்களுக்குத் தடையாகும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். உண்மை வேறு. சிறு விமானத்தில் தனியே பறக்கும் மணிகளைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும்; கம்பெனி விமானத்தில் துணை விமானியாகப் பறக்கும் மணிகளுக்குச் சம்பளம் கிடைக்கும். வெறும் எண்ணிக்கையையே வற்புறுத்தும் விதிதான் பணமுள்ளவனுக்கு வழிவிடுகிறது. ஆனால் வேலை கிடைத்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை என்ற சுழலில் வாலிபர்கள் சிக்காதிருக்க, கம்பெனிகள் தகுதியொன்றையே பார்த்து ஆட்களை எடுத்தல் அவசியம்.

2011-ல் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி இவ்வுயர்ந்த லைசென்ஸைப் பெற்றதாக விமானிகள் சிலர் கைதானதை நேயர்கள் மறந்திரார். காகிதத்தை மட்டும் நம்பும் முறை எங்கு கொண்டுவிடும் என்பதற்கு அது சாட்சி. ஆதலின், கூட்டாக ஓட்டிய அனுபவம் இவ்வளவு வேண்டும் என்பது நமது விதிகளில் ஐயத்துக்கிடமின்றி விளங்க வேண்டும். அம்மணிகளில் துணை விமானி எத்தனை முறை தாமே இறக்கினார், கண்காணிப்பை எவ்வாறு நடத்தினார், தலைவர் தவறியபோது துணிந்து கூறினாரா என்பனவற்றை மேற்பார்வையாளர் கையொப்பமிட்டுப் பதிவு செய்ய வேண்டும். 'வேண்டாம், மேலெழும்புங்கள்' என்று சொல்லும் துணிவும், சொன்னால் கேட்கும் பணிவும் இல்லாதவருக்கு, அவர் எத்தனை ஆயிரம் மணி பறந்திருப்பினும், பிரயாணிகளின் உயிரை ஒப்படைப்பது தர்மமன்று.