ஊர் கூடித் துணி தைப்போம்!

சட்டையில் பட்டன் தெறித்து விழுந்தால் என்ன செய்வீர்கள்? நம்மில் பாதிப் பேர் அந்த இடத்தில் ஓர் ஊக்கைக் குத்திக்கொண்டு பஸ் பிடிக்கிற ரகம். மீதிப் பேர் 'அம்மா...' என்றோ 'ஏம்மா, எங்க இருக்கே?' என்றோ குரல் கொடுக்கிற ரகம். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த ஆம்பிளை வேண்டுமானால், எங்கள் கீழ்பென்னாத்தூரில் நேரே டெய்லர் கடைக்குத்தான் போக வேண்டும்.

அப்பேர்ப்பட்ட நான் கொஞ்ச நாளாகத் துணி, ஊசி, நூல்கண்டு என்று பேசித் திரிகிறேன். 'பையனுக்கு எங்கேயோ பொண்ணு பார்த்துட்டாங்க' என்று தெருவில் வதந்தி. விஷயம் அதில்லை சார். காரணம், ஓர் அயர்லாந்துக் கதை!

திருவண்ணாமலையில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கிரிவலப் பாதை டீக்கடையில் பழக்கமான ஓர் அயர்லாந்து அம்மாதான் இதைச் சொன்னார்.

அவர்கள் ஊரில் பிரிஜிட் என்று ஒரு பெண் துறவி. மடம் கட்ட நிலம் கேட்டு லென்ஸ்டர் ராஜாவிடம் போனாள். ராஜா மகா கஞ்சன். 'என் போர்வை எவ்வளவு இடத்தை மூடுதோ, அவ்வளவு குடுத்தாப் போதும்' என்றாள். 'இவ்வளவுதானா?' என்று சிரித்துக்கொண்டே ராஜா தலையாட்டினான். நாலு பெண்கள் போர்வையின் நாலு மூலையைப் பிடித்துக்கொண்டு நாலு திசையிலும் நடக்க ஆரம்பித்தார்கள். போர்வை விரிகிறது, விரிகிறது... விரிந்துகொண்டே போகிறது! கில்டேர் பக்கத்தில் கர்ரா என்று ஒரு பரந்த புல்வெளி உண்டு. அன்றைக்குப் போர்வை மூடிய இடம் அதுதான் என்று இன்றும் கை காட்டுகிறார்களாம்.

'அட, இது நம்ம திருக்கோவிலூர் சமாசாரமாச்சே!' என்றேன். மூன்றடி மண் கேட்டு உலகத்தையே அளந்தவர் அங்கே நின்றுகொண்டிருக்கிறார். அங்கே கால், இங்கே போர்வை. ஏமாந்தது என்னவோ இரண்டு இடத்திலும் ராஜாதான்!

பிப்ரவரி 1 பிரிஜிட் நாள். முதல் நாள் ராத்திரி ஒரு துண்டுத் துணியை வீட்டுக்கு வெளியே போட்டு வைப்பார்கள். அந்த வழியாகப் போகிற பிரிஜிட் அதைத் தொட்டு ஆசீர்வதிப்பாளாம். அப்புறம் வருஷம் முழுக்கத் தலைவலிக்கு அதுதான் மருந்து. ஆபீஸ் நண்பர்கள் கவனிக்க: 2023 முதல் அயர்லாந்தில் பிரிஜிட்டுக்காக அரசு விடுமுறையும் உண்டு!

கதையோடு அவர்கள் நிற்கவில்லை. 1937 முதல் 1939 வரை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். 'வீட்டில், தெருவில் இருக்கிற பெரியவர்களிடம் போய்க் கதை கேட்டு எழுதிக்கொண்டு வா.' சுமார் 5,000 பள்ளிகள், 50,000 பிள்ளைகள். நமக்கு இப்படி ஒரு வீட்டுப்பாடம் கிடைத்திருந்தால் எத்தனை பேர் ஸ்கூலுக்கு மட்டம் போட்டிருப்போம்? அந்த நோட்டுகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

துணியிலும் சாதித்திருக்கிறார்கள். நியூ ராஸ் என்ற சின்ன ஊரில் 1998-ல் ஒரு தையல் வேலையைத் தொடங்கினார்கள். நார்மன்கள் வந்து இறங்கிய காலத்துச் சரித்திரத்தை 15 பெரிய துணிகளில் பூத்தையலாகப் போடுவது என்று திட்டம். உட்கார்ந்து தைத்தவர்கள் கம்பெனி ஆட்கள் இல்லை. உள்ளூர் ஜனங்கள், 150 பேருக்கு மேல். முடிக்கப் பல வருஷம் ஆயிற்று. நாம் ஊர் கூடித் தேர் இழுக்கிறோம். அவர்கள் ஊர் கூடித் துணி தைத்திருக்கிறார்கள்!

'நம்ம ஊரில் இப்படி ஏதும் உண்டா?' என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். யோசிக்க யோசிக்க, எந்தப் பக்கம் திரும்பினாலும் துணிதான்.

கார்த்திகை தீபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலை உச்சிக் கொப்பரைக்கு நெய் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கூடவே ஆயிரம் மீட்டருக்கு மேல் காடாத் துணியும் போகிறது, திரிக்காக! ஜோதியாக நின்றவரின் கதையை வருஷா வருஷம் துணியால்தான் எரிய வைக்கிறோம்.

அப்புறம் தெருக்கூத்து. எங்கள் பக்கம் பாரதக் கூத்து என்றால் உயிர். திரௌபதி அம்மனின் ஆதி கோயில் என்று சொல்லப்படும் மேலச்சேரி, இதோ செஞ்சிக்குப் பக்கத்தில்தான். கூத்தில் ராஜா வேஷம் சும்மா வந்துவிட முடியாது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க வேண்டும். மேலே கிரீடம் மட்டும் தெரியும். கீழே சலங்கைக் கால் மட்டும் தெரியும். முன்வரிசைப் பொடிசுகள் குனிந்து எட்டிப் பார்க்கும்.

துகிலுரிதல் ராத்திரி இன்னும் விசேஷம். சேலையில் கை வைக்கிற முன்னால் துச்சாதனன் வேஷக்காரரே கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். பிரிஜிட்டின் போர்வை வளர்ந்த மாதிரி இங்கே திரௌபதியின் சேலை வளர்கிறது. ராஜசபையில் ஒருத்தரும் எழுந்திருக்காதபோது ஒரு பெண்ணுக்குத் துணை நின்றது துணி!

இதெல்லாம் சரி. ஆனால் கையில் இருக்கிறவரைதான் கலை. கை மாறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இல்லாவிட்டாலும், செங்கம் தாண்டி அரூர்ப் பக்கம் ஒரு சாட்சி இருக்கிறது. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்டிலிங்கி. தர்மபுரி மாவட்டம். 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி ஆரம்பித்த ஊர்.

அங்கே லம்பாடி மக்கள் இருக்கிறார்கள். கண்ணாடிச் சில்லும் கலர் நூலுமாக ஜொலிக்கிற லம்பாடித் தையல் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. உடுப்பு மாறியது, ஊசியும் ஓய்ந்தது. கடைசியில் அந்தத் தையல் ஒன்றிரண்டு மூதாட்டிகளின் விரலில்தான் மிச்சம். அவர்களை உட்கார வைத்து, இளம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். 2006-ல் 'போர்கை' என்று ஓர் அமைப்பும் பிறந்தது. லம்பாடி மொழியில் அதற்குப் பெருமை என்று அர்த்தம். இன்றைக்கு அந்தத் தையல் பல குடும்பங்களுக்கு வருமானம்.

அந்த ஒன்றிரண்டு பேரும் ஒருத்தருக்கும் சொல்லாமலே கண்ணை மூடியிருந்தால்? புத்தகத்தில் போட்டோ இருந்திருக்கும். விரல் இருந்திருக்காது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய ஆஸ்பத்திரி, ஒரு தையலையும் காப்பாற்றிவிட்டது.

எங்கள் வீட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பழைய சேலைகளை அடுக்கி எங்கள் பாட்டி தைத்த விரிப்பு ஒன்று. 'இந்தப் பச்சை உங்க அத்தை வளைகாப்புக்கு எடுத்தது. இந்த அரக்கு உங்க அப்பன் பொறந்தப்ப கட்டியிருந்தது' என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்வார். பாட்டி போய்ப் பல வருஷம் ஆகிறது. மற்ற துண்டுகளைப் பற்றிச் சொல்ல இப்போது ஆள் இல்லை. பச்சையும் அரக்கும் தவிர மற்றதெல்லாம் வெறும் துணி.

அதனால்தான் எனக்கு இந்த ஆசை. கீழ்பென்னாத்தூருக்கு ஒரு துணி வேண்டும்! செலவு பெரிசாக இல்லை. வீட்டுக்கு ஒரு பழைய சேலை. அதில் ஒரு சாண் சதுரம். வீட்டில் மூத்தவரிடம் ஒரு கதை கேட்டு, அதை அந்தச் சதுரத்தில் தைக்க வேண்டும். ஓட்டுத் தையலும் சங்கிலித் தையலும் தெரிந்தால் போதும். பின்பக்கம் கதை சொன்னவர் பேர். ஒரு சதுரத்தில் துச்சாதனன். ஒன்றில் 1714-ல் செஞ்சிக்காகச் செத்த தேசிங்கு ராஜாவின் குதிரை. ஒன்றில் மலைமேல் தீபம். ஒன்றில் மல்லாட்டை பிடுங்குகிற பெண்கள். அத்தனையையும் சேர்த்து இணைத்தால் ஊரே ஒரு போர்வை!

அம்மாவிடம் சொன்னேன். 'ஏண்டா, பட்டன் தைக்கத் தெரியாது... நீ ஊருக்கே தைக்கப் போறியா?' என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே பீரோவைத் திறந்து, சாயம் போன ஒரு ஊதாச் சேலையை எடுத்து வந்தார். 'இது இன்னா சேலை தெரியுமா?' என்று ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் போயிற்று. அது தனிக் கதை. என் சதுரத்தில் வரும்.

உங்கள் ஊர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை செல்போனைக் கொஞ்சம் கவிழ்த்து வைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவிடமோ பாட்டியிடமோ ஒரு கதை கேளுங்கள். ஊசி நூல் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். கடை எங்கேயும் போகாது!