எந்தப் பூத்? எத்தனை ஓட்டு?

2024 பிப்ரவரி 20 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எட்டு வாக்குச்சீட்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். சண்டிகர் மேயர் தேர்தலில் ‘செல்லாதவை’ என்று ஒதுக்கப்பட்ட சீட்டுகள் அவை. வாக்களித்தவர்களே மொத்தம் 36 பேர்தான்: 35 கவுன்சிலர்கள், ஒரு எம்.பி. ஜனவரி 30 அன்று வாக்குகளை எண்ணிய தேர்தல் அதிகாரி அனில் மசீஹ், பா.ஜ.க.வின் மனோஜ் சோன்கருக்கு 16, ஆம் ஆத்மி - காங்கிரஸ் கூட்டணியின் குல்தீப் குமாருக்கு 12, செல்லாதவை 8 என்று அறிவித்து, சோன்கரை மேயராக்கியிருந்தார்.

தோற்ற தரப்பு மோசடி என்று சொல்வது நம் நாட்டில் புதிதில்லை. இந்தப் புகார் மட்டும் மூன்றே வாரத்தில் தீர்ப்பைப் பார்த்தது. அறையில் கேமரா இருந்தது. மசீஹ் பேனாவால் சீட்டில் ஏதோ குறிப்பதும், தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்ப்பதும் அதில் பதிவாகியிருந்தது. நீதிமன்றம் நேரில் அழைத்துக் கேட்டபோது, எட்டுச் சீட்டுகளில் குறியிட்டது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். ஏற்கெனவே கெட்டுப்போயிருந்த சீட்டுகள் மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாதே என்றுதான் அப்படிச் செய்ததாகச் சொன்னார். மறுநாள் நீதிபதிகள் சீட்டுகளையே வாங்கிப் பார்த்தார்கள். எட்டு ஓட்டும் குல்தீப் குமாருக்குத்தான் முறையாக விழுந்திருந்தது. கெட்டுப்போன அடையாளம் எதிலும் இல்லை. இருந்தது அதிகாரியின் பேனா மை மட்டும்தான். 12-உடன் 8 சேர்ந்தது. 20 வாக்குகளோடு குல்தீப் குமார்தான் மேயர் என்று நீதிமன்றமே அறிவித்தது.

தேர்தல் மோசடிப் புகார் எது காதில் விழுந்தாலும் நான் இந்த வழக்கோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். எந்த அறை, எந்த ஆள், எந்தத் தாள் என்று இதில் எல்லாமே சொல்லப்பட்டிருந்தது. இன்னொன்றும் இருந்தது, பலரும் மறந்துவிடுவது அதைத்தான். புகாரில் சிக்கிய வாக்குகள் எட்டு, வெற்றி வித்தியாசம் நான்கு. மோசடி நடந்ததா என்பது ஒரு கேள்வி. நடந்தது முடிவை மாற்றியதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2020 அதிபர் தேர்தலுக்குப் பிறகு நடந்தது நேர்மாறான கதை. அட்லாண்டாவில் வாக்கு எண்ணிய ஓர் அரங்கின் கேமராப் பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, மேஜைக்கு அடியிலிருந்து ‘சூட்கேஸ்’ நிறையக் கள்ள ஓட்டுகளை எடுக்கிறார்கள் என்று பரப்பினார்கள். மாநில விசாரணை அதிகாரிகள் பதிவை முழுதாகப் பார்த்தபோது, வழக்கமான வாக்குச்சீட்டுப் பெட்டிகள்தான் அன்று மாலையே அங்கே வைக்கப்பட்டிருந்தன என்பது தெரிந்தது. மாநிலம் முழுதும் ஏறக்குறைய 50 லட்சம் சீட்டுகளைக் கையால் திரும்ப எண்ணினார்கள், வென்றவர் மாறவில்லை. பைடனின் கூடுதல் 11,779 வாக்குகள் என்பதே இறுதிக் கணக்கு. ஆனால் அந்தத் துண்டு வீடியோவில் முகம் தெரிந்த இரண்டு பெண் ஊழியர்கள் கொலை மிரட்டல்களுக்கு நடுவில் வாழ வேண்டியதாயிற்று. பழி சுமத்திய, தோற்ற தரப்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி அவர்களுக்கு 14.8 கோடி டாலர் தர வேண்டும் என்று 2023 டிசம்பரில் ஜூரி தீர்ப்பளித்தது. பொய்ப் புகார் தேர்தலை மட்டும் கெடுப்பதில்லை. கூலிக்கு வேலை பார்த்தவர்களின் வாழ்க்கையையும் கெடுத்துவிட்டுப் போகிறது.

இனி நம் கதைக்கு வருவோம். பெங்களூரு மத்தியத் தொகுதிக்குள் வரும் மகாதேவபுரா சட்டமன்றப் பகுதியில் 1,00,250 வாக்குகள் ‘திருடப்பட்டன’ என்று 2025 ஆகஸ்ட் 7 அன்று ராகுல் காந்தி குற்றம்சாட்டினார். ஒரே ஆள் பல முறை பதிவானது 11,965, போலி அல்லது இல்லாத முகவரி 40,009, ஒரே முகவரியில் கூட்டமாகப் பதிவானது 10,452, செல்லாத புகைப்படம் 4,132, புதிய வாக்காளருக்கான படிவம் 6-ஐத் தவறாகப் பயன்படுத்தியது 33,692. இதுதான் அவர் கொடுத்த கணக்கு. 2024 மக்களவைத் தேர்தலில் பா.ஜ.க. அந்தத் தொகுதியில் வென்ற வித்தியாசம் 32,707. மகாதேவபுராவில் மட்டும் அதன் முன்னிலை 1,14,046.

‘மெஷினையே மாத்திட்டாங்க’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளோடு இதைச் சேர்க்க முடியாது. அவற்றில் ஊர் இருக்காது, பூத் இருக்காது, சரிபார்க்க ஒரு தாளும் இருக்காது. மகாதேவபுரா புகாரில் முகவரி இருக்கிறது, பட்டியல் இருக்கிறது. அந்த அளவில் இது விசாரணைக்குத் தகுதியான புகார் என்பதே என் கருத்து.

ஆனால் இன்னும் கடக்க வேண்டிய தூரம் இருக்கிறது. பட்டியலில் ஒரு பெயர் தவறாக இருப்பது முதல் படி. அந்தப் பெயரில் யாரோ வந்து ஓட்டுப் போட்டார்கள் என்பது இரண்டாவது. அந்த ஓட்டு இன்ன கட்சிக்குத்தான் போனது என்பது மூன்றாவது. வீட்டு எண் ‘0’ என்று இருப்பவர் கதவு எண்ணே இல்லாத வீட்டில் குடியிருக்கும் உண்மையான வாக்காளராகவும் இருக்கலாம். வாடகை வீடு மாறிப் போன தொழிலாளியின் பெயர் பழைய முகவரியிலேயே தங்கியிருக்கலாம். நகரத்துப் பட்டியல்கள் எவ்வளவு குப்பையாகக் கிடக்கின்றன என்பது சென்னையில் ஓட்டுப் போடுகிறவர்களுக்கும் தெரியும். அந்த ஒரு லட்சத்தையும் அப்படியே ‘கள்ள ஓட்டு’ என்று எழுதுவது முதல் படியில் நின்றுகொண்டு மூன்றாவது படிக்கு உரிமை கொண்டாடுவதாகும்.

இரண்டாவது படியைச் சோதிக்க வழி இருக்கிறது. வாக்குச்சாவடியில் ஒவ்வொருவரும் ஓட்டுப் போடுமுன் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கும் பதிவேடு படிவம் 17ஏ. ஒரே ஆள் இரண்டு பூத்தில் போட்டாரா என்பதை அது சொல்லிவிடும். அது புகார் சொன்னவரிடம் இருக்காது, தேர்தல் ஆணையத்தின் பொறுப்பில் இருக்கும். ஆணையமோ, உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திடுங்கள், இல்லையென்றால் நாட்டிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றது. வரைவுப் பட்டியல் வந்தபோது கட்சிகள் ஏன் ஆட்சேபிக்கவில்லை என்ற அதன் கேள்வி நியாயமானது. கெடு வைத்து மிரட்டும் தொனி நியாயமானதில்லை. நீதிமன்ற அனுமதியோடு பதிவேட்டைத் திறந்து, இத்தனை பெயர் உண்மை, இத்தனை பிழை, இத்தனை பேர் இரண்டு முறை போட்டார்கள் அல்லது போடவில்லை என்று சொல்லியிருந்தால் யாரும் யாரிடமும் சத்தியம் கேட்டிருக்கத் தேவையில்லை.

சந்தேகம் முளைக்க ஆணையமே இடம் கொடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் 19 அன்று நடந்த முதல் கட்ட வாக்குப்பதிவின் இறுதிச் சதவிகிதம் ஏப்ரல் 30 அன்றுதான் வெளியானது. முதல் நாள் சொன்னதைவிடச் சில சதவிகிதம் கூடியிருந்தது. தாமதமாகச் சேர்ந்த கணக்கு என்ற விளக்கத்தை நான் ஏற்கிறேன். பதினோரு நாள் மௌனத்தை ஏற்க முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் வாக்குச்சாவடிக் கேமராப் பதிவுகளைப் பொதுமக்கள் கேட்டுப் பெற முடியாதபடி தேர்தல் நடத்தும் விதிகளில் விதி 93 திருத்தப்பட்டது. தேர்தல் வழக்கு இல்லையென்றால் முடிவு வந்த 45 நாளுக்குப் பிறகு பதிவுகளை அழித்துவிடலாம் என்று 2025 மே மாதம் உத்தரவும் வந்தது. சண்டிகரில் உண்மையைச் சொன்னதே ஒரு கேமராதான்.

கனமான புகாரும் காலதாமதத்தில் செத்துப்போகும் என்பதற்கு ராதாபுரம் சாட்சி. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றார். தபால் வாக்குகளில் 203 நிராகரிக்கப்பட்டிருந்தன. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பமிட்டது செல்லாது என்பது காரணம். 203-க்கும் 49-க்கும் உள்ள தூரத்தைப் பார்த்தாலே வழக்கின் கனம் புரியும். சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது 2019 அக்டோபரில்தான். எண்ணவும் செய்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-இல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடியும் வரை ராதாபுரத்து மக்களுக்கு அந்த எண் சொல்லப்படவே இல்லை. ஆறு மாதத்துக்குள் தேர்தல் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம்.

நீதிமன்றத்துக்குப் போகாமலே ஒவ்வொரு பூத்திலும் சரிபார்க்கத் தக்க ஒரு தாள் இருக்கிறது. அது படிவம் 17சி. வாக்குப்பதிவு முடிந்ததும், வாக்குப்பதிவு மெஷினின் கன்ட்ரோல் யூனிட் எண், அதில் பதிவான மொத்த வாக்குகள், சீல்களின் எண்கள் எல்லாவற்றையும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் இதில் எழுதிக் கையெழுத்திட்டு, அங்கிருக்கும் கட்சி ஏஜென்டுகளுக்கு நகல் தர வேண்டும். எண்ணும் நாளில் அதே யூனிட் மேஜைக்கு வரும்போது சீல் எண்ணையும் மொத்த வாக்கையும் இந்த நகலோடு ஒப்பிடலாம். மெஷினை மாற்றியிருந்தாலும், நடுவில் ஓட்டைக் கூட்டியிருந்தாலும் முதலில் உதைக்கும் இடம் இதுதான். ஆனால் பசியும் களைப்புமாக இருக்கும் மாலை நேரத்தில், நகலை வாங்காமலே எழுந்துபோகும் ஏஜென்டுகள் உண்டு. அவர்களுடைய கட்சிதான் தோற்ற பிறகு மெஷினைக் குறை சொல்கிறது.

அடுத்த தேர்தலில் எந்தக் கட்சிக்காக நீங்கள் பூத்தில் உட்கார்ந்தாலும், 17சி நகலைக் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள். எண்ணிக்கை முடியும் வரை அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.