சும்மா வந்த ஒரு லோடு!

எங்க திசையன்விளை மண்ணைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் லேசில் நம்ப மாட்டார்கள். பக்கத்தில் ஆயன்குளம் படுகையில் ஒரு கிணறு இருக்கிறது. 2021 கடைசியில் கொட்டித் தீர்த்த மழையில், வெள்ளத் தண்ணீர் நாள் கணக்கில் உள்ளே பாய்ந்தும் நிரம்பவே இல்லை! சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து வந்து ஆராய்ந்தவர்கள், 'அடியில் சுண்ணாம்புப் பாறை, அதில் குகை மாதிரிப் பாதைகள்' என்றார்கள். கிணறே அப்படியென்றால், மேலே கிடக்கிற செம்மணல் எப்படி இருக்கும்? காலையில் ஊற்றிய தண்ணீருக்கு மத்தியானம் சாட்சி கிடையாது.

இந்த மண்ணில்தான் வீட்டுக்குப் பின்னால் நாலு தென்னை, ஆறு முருங்கை, ஒரு சப்போட்டா வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்தால் கிணற்று மோட்டார் கால் மணி நேரத்தில் காற்றை இழுக்க ஆரம்பித்துவிடும். "மரத்துக்கு ஊத்தணுமா, மனுஷங்க குளிக்கணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க" என்று வீட்டில் கறாராகக் கேட்டுவிட்டார்கள்.

இதற்கு ஒரு வழி உண்டு. மூடாக்கு! நம்மாழ்வார் ஐயா 2013-ல் மறையும்வரை ஊர் ஊராகப் போய்ச் சொன்ன விஷயம். 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர், நம்ம பக்கத்து வெயிலை நன்றாகவே தெரிந்தவர். மண்ணை வெறுமனே காயப் போடாமல் இலை, தழை, மரத்தூள் என்று எதையாவது போர்த்தினால் ஈரம் நிற்கும், களை குறையும்.

அமெரிக்காவில் மரம் வெட்டுகிற கம்பெனிகள், கிளைகளை மெஷினில் போட்டுச் சில்லுச் சில்லாகச் சீவி, கேட்கிறவர் வீட்டு வாசலில் இலவசமாகவே கொட்டிவிட்டுப் போகிறார்கள். குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோனால் காசு கட்ட வேண்டுமே! அதனால்தான் அந்தத் தாராளம்.

நம்ம ஊர் வள்ளலைத் தேடினேன். ஒரு தும்பு ஆலைக்காரர் கிடைத்தார். தென்னைநார்க் கழிவை இப்போதெல்லாம் கட்டியாக அமுக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். மழையில் நனைந்து அதற்கு ஆகாமல் போனது ஒரு குவியல் கிடந்தது. "சும்மா எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி, டிராக்டருக்கு டீசல் போட்டாப் போதும்" என்றார்.

காலையில் வருவதாகச் சொன்ன டிராக்டர் ராத்திரி பத்து மணிக்கு வந்தது. இருட்டில் டிரைவர் தம்பி மொத்த லோடையும் பக்கத்து வீட்டு ஆச்சி வாசலில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்! விடிந்ததும் ஆச்சி, "ஏல, வாசலைத் தொறந்தா மலையால்லா நிக்கி!" என்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஓலைப்பெட்டியில் அள்ளி அள்ளி மதியம்வரை சுமந்தோம்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மூடாக்கு விஷயத்தில் கண்டிப்பாகப் பார்க்கணும். உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையின் கழிவு வேண்டாம். மருந்தடித்த பலகைத் தூளும் வேண்டாம். சீமைக்கருவேல் சில்லு என்றால் நெற்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தோட்டமே காடாகிவிடும். பச்சைக் கழிவை மண்ணுக்குள் கொத்திவிடவும் கூடாது. அது மட்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தையே பிடுங்கிக்கொள்ளும். மேலே பரப்பினால் போதும். தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விடணும். மூலையில் குவித்துப் போட்டு மறந்தீர்களோ, காண்டாமிருக வண்டு குடும்பத்தோடு குடியேறிவிடும்!

தென்னைக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகமே கணக்குச் சொல்கிறது: மரத்தைச் சுற்றி 1.8 மீட்டருக்குள் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நார்க் கழிவு. அது கிடைக்காவிட்டால் முதுகு மேலே தெரிகிற மாதிரி 100 தேங்காய் மட்டை, அல்லது 15 காய்ந்த ஓலை.

அப்படியே செய்தேன. தினமும் தண்ணீர் கேட்ட கன்றுகள் இப்போது மூன்று நாளைக்கு ஒருமுறைதான் கேட்கின்றன. குளிக்கவும் தண்ணீர் இருக்கிறது, வீட்டில் சமாதானம்.

போன வாரம் ஆச்சி சுவர் வழியே எட்டிப் பார்த்தார். "ஏல, அடுத்த லோடு எப்ப வருது?"

"ஏன் ஆச்சி?"

"எங்க வாசல்லயே கொட்டச் சொல்லு. இந்தத் தடவ நான் அள்ள விட மாட்டேன்!"