இரு வலைகள்: ஒன்று மரக்கிளையில், மற்றொன்று மண்ணுக்குள்



திருக்குர்ஆனின் 29ஆவது அத்தியாயம் 'அல் அன்கபூத்'. சிலந்தி என்பதே அதன் பொருள். சிற்றுயிர் ஒன்றின் பெயரால் ஓர் அத்தியாயம் அழைக்கப்படுவது, நாம் அற்பமெனக் கருதுபவற்றையும் ஊன்றி நோக்கத் தூண்டுகின்றது. வலை விரித்து இரை பிடிக்கும் இரு படைப்புகளை இன்று ஒப்பிட்டு நோக்குவோம்.

முதலாவது, 'நெபிலா பைலிப்பஸ்' எனும் பெருஞ்சிலந்தி. நமது நாட்டிலும் இது வாழ்கின்றது. பெண் சிலந்தியின் உடல் 30 முதல் 50 மி.மீ. வரை நீளமானது, ஆணோ மிகச் சிறியது. மரங்களுக்கிடையே பொன்னிறமாக மின்னும் பெரிய வலையை அது பின்னுகின்றது. இரை சிக்கியதும் இழைகளின் அதிர்வால் அதனை அறிந்து, விரைந்து சென்று கடித்து நஞ்சூட்டுகின்றது.

இரண்டாவது, 'ஆத்ரோபொட்ரிஸ் ஒலிகொஸ்போரா' எனும் பங்கசு. இது மண்ணில், உக்கும் பொருட்களை உண்டு வாழ்வது. இதற்குக் கண்ணுமில்லை, காலுமில்லை. எனினும், அருகில் நுண்ணிய வட்டப்புழுக்கள் நடமாடினால், அவை வெளியிடும் இரசாயனப் பொருட்களைக் கொண்டே அவற்றை உணர்ந்துகொள்கின்றது. உடனே தனது இழைகளை வளையங்களாக வளைத்து, பசைமிக்க வலையொன்றை அமைக்கின்றது. ஒட்டிக்கொண்ட புழுவின் தோலைத் துளைத்து, உள்ளே வளர்ந்து அதனை உணவாக்குகின்றது. இவ்வலை உயிருள்ள புழுக்களைப் பிடித்துக் கொல்வதை 1888ஆம் ஆண்டில் ஜெர்மனிய அறிஞர் சொப்ஃப் அவதானித்தார்.

ஒற்றுமையைக் கவனியுங்கள். இரண்டும் செரிமான நீரை இரையினுள் செலுத்தி, கரைந்ததையே உறிஞ்சுகின்றன. சிலந்தியின் புறத்தோட்டிலும் பங்கசின் கலச்சுவரிலும் 'கைற்றின்' எனும் ஒரே பொருள் உண்டு. வேற்றுமையோ பெரிது. சிலந்தியின் வலை அதன் உடலிலிருந்து சுரந்த பட்டிழை. பங்கசின் வலை அதன் உடலே. சிலந்தி வலை விரித்து இரைக்காகக் காத்திருக்கின்றது. பங்கசோ பெரும்பாலும் இரை அருகில் வந்த பின்னரே வலை விரிக்கின்றது.

இதில் நமக்கென்ன? வட்டப்புழுக்களுள் சில வகைகள் தக்காளி, கத்தரி வேர்களில் முடிச்சுகளை ஏற்படுத்திப் பயிரை வாட்டுகின்றன. அத்தகைய புழுக்களையும் இப்பங்கசு பிடிக்கின்றது. சிலந்தியோ பறக்கும் பூச்சிகளைக் குறைக்கின்றது. ஆராயாது நஞ்சு தெளிப்பவர், தமக்குக் கூலியின்றி உழைக்கும் காவலர்களையும் சேர்த்தே அழித்துவிடக்கூடும்.

பெற்றோர்களே! தோட்டத்துச் சிலந்தியைக் கண்டு பிள்ளை அஞ்சினால், உடனே விளக்குமாற்றைத் தேடாதீர்கள். சற்றுத் தள்ளி நின்று, அவ்வலையைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். காலடி மண்ணிலும் கண்ணுக்குத் தெரியாத வலையொன்று இருக்கக்கூடும் எனச் சொல்லிக் கொடுங்கள்.