இல்லாத கையின் வேதனை

கண்ணெதிரே உள்ள உலகத்தின்மீது கம்ப்யூட்டர் வரைந்த உருவங்களை ஏற்றிக் காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டி, விமானியின் கவனத்தைக் கட்டிப்போட்டு, ஓடுபாதையில் குறுக்கே நிற்கும் மற்றொரு விமானத்தையே அவர் காணாதபடி செய்துவிடக்கூடும். கவனத்தைக் கவரும் அதே வல்லமை, மனிதர் படும் மிகக் கொடிய வேதனைகளுள் ஒன்றைத் தணிக்கவும் பயன்பட்டிருக்கிறது.

கையையோ காலையோ இழந்தவர்களில் பெரும்பாலோர், அந்த அவயவம் இன்னும் உடலோடு ஒட்டியிருப்பதாகவே உணர்கிறார்கள். பலருக்கு அது வலிக்கவும் செய்கிறது. இல்லாத விரல்கள் இறுக மூடிக்கொண்டு, இல்லாத நகங்கள் உள்ளங்கையில் பதிந்து எரிய, பிரித்துவிட விரலும் இன்றி, தடவிக்கொடுக்கத் தோலும் இன்றி இரவெல்லாம் விழித்திருப்பவரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இதை மனப்பிராந்தி என்று ஒதுக்குவது பெரும் அநியாயம். கைக்கென்று மூளையில் அமைந்த பிரதேசம், கை போனபின்னும் இருந்துகொண்டுதான் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் சான் டியேகோவில் ஆராய்ச்சி நடத்திய வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில், நடுவே கண்ணாடி நிறுத்திய ஒரு பெட்டிக்குள் நல்ல கையை அசைக்கச் சொல்லி, அதன் பிரதிபிம்பத்தையே இழந்த கையாக நோயாளி காணும்படி செய்தபோது, சிலருக்கு அந்தப் பிடி தளர்ந்தது.

ஆனால், இழந்த கைக்கு மனம் இடும் கட்டளை கண்ணாடிக்கு எட்டுவதில்லை. அதை எட்டச் செய்தவர், ஸ்வீடனில் கோதென்பர்க் நகரத்துச் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய மாக்ஸ் ஓர்டிஸ் கத்தலான். எஞ்சிய கைப்பகுதியின் தோலில் மின்வாய்களை ஒட்டி, தசைகளில் எழும் நுண்ணிய மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் படிக்கும்படி அவர் அமைத்தார். காமிராவின் முன் அமர்ந்து, திரையில் தம்மையே காணும் நோயாளிக்குக் கை முளைத்திருக்கிறது. விரல்களை விரிக்க அவர் முயன்றதும் அவை விரிகின்றன. 48 ஆண்டுகள் வலியோடு வாழ்ந்த ஒருவருக்கு, வாரக்கணக்கான பயிற்சிக்குப் பின், இறுகியே கிடந்த முஷ்டி பாதி விரிந்து ஓய்ந்ததென்றும், வலியே இல்லாத வேளைகள் வாய்த்தனவென்றும் 2014இல் வெளியான அறிக்கை கூறுகிறது. 2016இல் லான்செட் இதழில், வேறு சிகிச்சைகளால் குணம் காணாத 14 பேரில், 12 அமர்வுகளுக்குப் பின் வேதனை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்த செய்தி வந்தது.

பின்னர்ப் பல நாடுகளில் நடந்த பெரிய பரிசோதனையோ எதிர்பாராத ஒன்றைக் காட்டிற்று. தசையை முயன்று இயக்கித் திரைக்கையை அசைத்தவர்களுக்கும், தானே அசையும் திரைக்கையைப் பார்த்தபடி அசைப்பதாகக் கற்பனை மட்டும் செய்தவர்களுக்கும் கிட்டிய நிவாரணம் ஏறக்குறைய ஒரே அளவுதான். இதனால் முன்னைய உழைப்பு வீணாயிற்று என்று நான் கருதவில்லை. இரு சாராரும் தங்கள் சிரத்தை முழுவதையும் நாள்தோறும் அஞ்சி ஒதுங்கிய அதே கையின்மீது செலுத்தினார்கள்; குணம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அப்படியானால், மின்வாய் ஒட்டுவதற்குக் கைத்தசையே எஞ்சாமல் தோளோடு கையை இழந்தவர்களுக்கும் இந்தச் சிகிச்சை பலிக்கலாம்.