விடுமுறைக்கு எந்தத் தீவு?

பாடசாலை விடுமுறையில் தீவொன்றுக்குச் செல்ல விரும்பும் வவுனியா, முல்லைத்தீவுக் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது கடலின் பருவத்தையே.

ஓகஸ்ட் விடுமுறைக்கு நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலைத் தீவு பொருத்தம். மே முதல் செப்டெம்பர் வரை அங்கே கடல் பெரும்பாலும் அமைதி. டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்றால் கிழக்குக் கடல் கொந்தளிக்கும்.

அப்போது மன்னார்த் தீவே நல்லது. படகு தேவையில்லை, பாலத்தால் வாகனத்திலேயே போகலாம். பள்ளிமுனையில் பெருக்கமரம், தலைமன்னாரில் பழைய இறங்குதுறை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட மக்கள் மீளக்குடியேறிய எருக்கலம்பிட்டியில் தொழுதுவிட்டு வரலாம்.

நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து சுமார் ஒரு மணி நேரம் கடலில் செல்ல வேண்டும். முதியோர், குழந்தைகள் இருந்தால் யோசியுங்கள்.

எங்கு சென்றாலும், உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நம் பிள்ளைகளைப் பலிகொண்டது பெருங்கடலல்ல, சிறு களப்பு.