சுருக்கக் குறியீடுகளும் பொருள் மயக்கமும்

ஆங்கிலத் தலைப்பெழுத்துச் சுருக்கங்கள் தமிழில் இரு வழிகளில் பொருள் மயக்கம் தருகின்றன. சுருக்கம் பேச்சு வழக்கில் தனிச்சொல்லாகிப் புதுப்பொருள் பெறுதல் ஒன்று. வெவ்வேறு சுருக்கங்கள் தமிழ் வரிவடிவில் ஒன்றாதல் மற்றொன்று. இவ்விரண்டையும் மொழிபெயர்ப்பு நோக்கில் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

முதல் வகைக்கு 'ஓசி' தக்க சான்றாகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல் அஞ்சல்கள் கட்டணமின்றிச் சென்றமையால், அவற்றின்மேல் இடப்பட்ட 'ஆன் கம்பெனீஸ் சர்வீஸ்' என்னும் குறிப்பிலிருந்து இது பிறந்தது என்பர். அத்தொடரின் முழுச் சுருக்கம் மூன்றெழுத்தாதல் வேண்டும் என்பதும் கருதத்தக்கது. தோற்றம் எவ்வாறாயினும், 'ஓசியில்', 'ஓசிக்கு' என வேற்றுமை உருபேற்று, புள்ளிகளையும் இழந்து, இது இன்று பெயர்ச்சொல்லாகவே வழங்குகிறது.

புள்ளியுடன் வரும் 'ஓ.சி.' வேறு. தமிழகத்தில் கல்வி, வேலைவாய்ப்புத் துறைகளில் அது பொதுப்பிரிவினைச் சுட்டும். மேற்கு வங்கத்தில் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியையும், இராணுவத்தில் கட்டளை அதிகாரியையும் சுட்டும். 'ஓ.சி. சீட்' என்பது கல்லூரிச் சேர்க்கையில் ஒரு பொருளும் திரையரங்க வாயிலில் வேறொரு பொருளும் தரும். வங்கப் புதினத்தின் 'ஓ.சி.'யை விளக்கமின்றித் தமிழில் பெயர்த்தால், கடுமையான அதிகாரியும் நகைப்புக்குரியவராகிவிடுவார்.

'ஓசி'யை 'இலவசம்' எனப் பெயர்த்தலும் நிறைவுடையதன்று. 'இலவசம்' கொடுப்பதைக் கூறும். 'ஓசி' பெறுபவரை இழித்துரைக்கும். தமிழகத்தில் மகளிர்க்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணத் திட்டம் 2021-இல் தொடங்கப்பெற்றது. 2022-இல் அமைச்சர் ஒருவர் அப்பயணத்தை 'ஓசி' எனக் குறித்தமை பெருங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பயணச்சீட்டின் விலை இரு சொற்களிலும் ஒன்றே. பயணியின் மதிப்பு ஒன்றன்று. அச்செய்தியை 'இலவசம்' என்னும் பொருளில் பிறமொழியில் பெயர்த்தால், கண்டனத்தின் காரணமே மறைந்துவிடும்.

இரண்டாம் வகை மயக்கம் வரிவடிவினால் நேர்வது. ஆங்கில நெடுங்கணக்கின் 2-ஆம் எழுத்தும் 16-ஆம் எழுத்தும் தமிழில் 'பி' என்றே எழுதப்படும். 4-ஆம் எழுத்தும் 20-ஆம் எழுத்தும் 'டி' என்றே எழுதப்படும். ஆகவே 'பி.டி.' என்னும் ஒரே வடிவம் நான்கு ஆங்கிலச் சேர்க்கைகளுக்கு இடமளிக்கிறது. 'பி.டி. ஆசிரியர்' என்பவர் பட்டதாரி ஆசிரியராகவும் இருக்கலாம். உடற்பயிற்சி ஆசிரியராகவும் இருக்கலாம். 'ஆர்.டி.ஓ.' வருவாய்க் கோட்டாட்சியரையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலரையும் குறிக்கும். 'பி.சி.' பிற்படுத்தப்பட்ட வகுப்பு, காவலர், கணினி ஆகிய மூன்றுக்கும் உரியது. பேச்சில் ஒலிப்பு வேறுபாடு இவற்றுட் பலவற்றைப் பிரித்துக்காட்டும். எழுத்தில் அவ்வுதவி இல்லை.

பணி ஆணை, நீதிமன்ற ஆவணம் போன்றவற்றைத் தமிழிலிருந்து பெயர்ப்போர் இதனை நினைவிற் கொள்ளுதல் இன்றியமையாதது. 'ஆர்.டி.ஓ. விசாரணை' என்பதில் அலுவலர் மாறின், விசாரணையின் சட்டத்தகுதியே மாறிவிடும். பொருளைத் துணிதற்கு அருகில் நிற்கும் சொற்களே முதற்சான்று: பட்டா, நிலம் என்பன வருவாய்த் துறையையும், உரிமம், வாகனம் என்பன போக்குவரத்துத் துறையையும் காட்டும். அச்சான்று கிட்டாதவிடத்து மூல ஆவணத்தை எழுதியவரையோ அலுவலகத்தையோ வினவுதல் வேண்டும்.

ஆவணத் தமிழில் முதன்முறை வருமிடத்து முழுப்பெயரையும் அடுத்துச் சுருக்கத்தையும் எழுதுவது மயக்கத்தைத் தவிர்க்கும். புனைகதை உரையாடலில் அவ்விரிவு பொருந்தாது. ஆண்டுப் பேச்சின் தொனியே பொருளாதலின், அதற்கு இணையான வழக்குச்சொல்லைத் தேடுவதே மொழிபெயர்ப்பாளரின் கடன்.